பெங்களூரில் ஹைட்ரேஞ்சியா: வாங்குவதிலிருந்து கவாத்து வரை, பெயர்க் கதையோடு சேர்த்து

ஊட்டியில் வாங்கிய ஹைட்ரேஞ்சியா தொட்டியை டிக்கியில் வைத்துக்கொண்டு, பந்திப்பூர் செக்போஸ்ட்டை இரவு ஒன்பது மணிக்குள் தாண்டிவிடப் பறக்கும் பெங்களூர்க் குடும்பங்கள் நிறைய. வீட்டுக்கு வரும்போது பூ நல்ல நீலம். அடுத்த வருடம் அதே செடி வெளிறிய ரோஸ் நிறத்தில் பூக்கும். அதற்கடுத்த வருடம் பூவே இருக்காது, இலையும் மஞ்சளடித்திருக்கும். "இந்த ஊர் வெயில் ஒத்துக்கலைங்க" என்று சொல்லித் தொட்டியை யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.

வெயிலுக்கும் இதில் பங்கு உண்டுதான். ஆனால் பெங்களூரில் ஹைட்ரேஞ்சியாவைப் பெரும்பாலும் கெடுப்பது போர்வெல் தண்ணீர். அதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சாதாரணத் தோட்ட வேலைதான். எனவே கீழே தண்ணீரைப் பற்றியும் நிறத்தைப் பற்றியும் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். உரம், பூச்சி எல்லாம் சுருக்கமாக வரும்.

இந்த ஊரில் வருமா?

வரும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், பெங்களூர் சுமார் 920 மீட்டர். பாதி உயரம்கூட இல்லை. ஆனாலும் இங்கே டிசம்பர், ஜனவரி இரவுகளில் வெப்பம் 15, 16 டிகிரிக்கு இறங்குகிறது. நாம் வழக்கமாக வாங்கும் பெரிய இலை ஹைட்ரேஞ்சியா, இரவு வெப்பம் 18 டிகிரிக்குக் கீழே சில வாரங்கள் தொடர்ந்து இருந்தால்தான் கிளை நுனியில் பூமொட்டை உருவாக்கும். சென்னையில் குளிர்காலத்திலேயே இரவு 20 டிகிரிக்கு மேல்தான். அங்கே செடி பிழைக்கும், இலை தள்ளும், பூக்காது. சென்னைச் சொந்தக்காரர்கள் கன்று கேட்டால் வேறு ஏதாவது கொடுத்துவிடுங்கள்.

ஊட்டியில் சாலையோரத்தில் தலை அளவுக்குப் பூக்கும் பூ இங்கே கை அளவுதான் வரும். அதை முதலிலேயே ஏற்றுக்கொண்டு இறங்குவது நல்லது.

படி 1: இடம்

காலை வெயில் இரண்டு, மூன்று மணி நேரம், அப்புறம் நிழல். இதுதான் கணக்கு. கிழக்குப் பார்த்த பால்கனி இருந்தால் யோசிக்கவே வேண்டாம். மேற்குப் பார்த்த பால்கனியில் வைக்கவே வைக்காதீர்கள். மார்ச், ஏப்ரல் மாதத்து மாலை வெயில் இலை விளிம்பைக் கருக்கிவிடும். அந்த இடத்துக்குக் காகிதப்பூதான் சரி.

வடக்குப் பார்த்த பால்கனிக்காரர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். பெங்களூர் 13 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடு வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே சாய்ந்து போகும். வருடம் முழுக்க நிழலாக இருந்த வடக்குச் சுவரில் அந்த மாதங்களில் வெயில் விழும். "இத்தனை நாள் நல்லா இருந்த செடி திடீர்னு கருகுதே" என்பதற்குப் பல வீடுகளில் இதுதான் காரணம். தொட்டியை இரண்டடி உள்ளே தள்ளினால் போதும்.

முழு நிழலும் உதவாது. இலை கரும்பச்சையாக, பெரிதாக, அழகாக வரும். பூ வராது.

படி 2: செடி வாங்குவது

லால்பாக்கைச் சுற்றியுள்ள சித்தாபுரா நர்சரிகள் நல்ல தொடக்கம். அங்கே பரம்பரையாகத் தோட்டத் தொழில் செய்யும் திகளர் சமூகத்தார் நிறைய. வீட்டில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து பேசுபவர்கள் என்பதால் தமிழிலேயே பேரம் நடக்கும். லால்பாக்கில் ஜனவரியிலும் ஆகஸ்டிலும் நடக்கும் மலர்க் கண்காட்சி சமயத்தில் செடிகளின் வரத்து அதிகம். "நிறம் நிக்குமா அண்ணா?" என்று கேட்டால் "நிக்கும், எடுத்துட்டுப் போங்க" என்றுதான் பதில் வரும். அது ஏன் நிற்காது என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

முழுக்க மலர்ந்த செடியை எடுக்காதீர்கள். பாதி மொட்டு, பாதி மலர்ச்சி உள்ளதை எடுங்கள். தண்டுகள் குறைந்தது மூன்று, நான்கு இருக்க வேண்டும். இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள்: நரம்போரத்தில் வெள்ளைப் பஞ்சு மாதிரி இருந்தால் மாவுப்பூச்சி, வைத்துவிட்டு வாருங்கள். தொட்டி அடியில் வேர் சுருண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்தச் செடி ரொம்ப நாளாக அதே தொட்டியில் கிடக்கிறது என்று பொருள்.

ஊட்டிச் செடியோ பெரிய பண்ணைச் செடியோ, விற்பனைக்கு வரும் செடிகளைக் குட்டையாக வைக்கப் பெரும்பாலும் வளர்ச்சி மட்டுப்படுத்தும் மருந்து கொடுத்திருப்பார்கள். ஒரு வருடத்தில் அதன் வேகம் போய்விடும். வாங்கும்போது முழங்கால் உயரம் இருந்த செடி மறுவருடம் இடுப்புக்கு வந்தால் பயப்பட வேண்டாம், அதுதான் அதன் சொந்த உயரம்.

வகைகளைப் பற்றி அதிகம் குழப்பிக்கொள்ள வேண்டாம். பெரிய இலை ஹைட்ரேஞ்சியாவில் இரண்டு தோற்றம். ஒன்று, உருண்டைப் பந்தாகப் பூப்பது. இன்னொன்று, நடுவில் பொடிப்பொடி மொட்டும் ஓரத்தில் மட்டும் பெரிய பூவுமாகத் தட்டையாகப் பூப்பது. இங்கே சுலபமாகக் கிடைப்பது பந்து. எனக்குப் பிடித்தது தட்டை. கூம்பு வடிவத்தில் பூக்கும் வகை, ஓக் இலை வகை எல்லாம் இணையத்தில் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அவற்றுக்கு வேண்டிய கடும் குளிர்காலம் இங்கே கிடையாது. காசை அதில் போடாதீர்கள்.

படி 3: தொட்டியும் மண்ணும்

பன்னிரண்டு அங்குலத் தொட்டிக்குக் குறைந்து வேண்டாம். பதினான்கு என்றால் கோடையைத் தாண்டுவது எளிது. புது சிமெண்ட் தொட்டியைத் தவிர்த்துவிடுங்கள். அதிலிருந்து சுண்ணாம்பு கசிந்து மண்ணைக் காரமாக்கும். பிளாஸ்டிக் போதும். மண் தொட்டி அழகு, ஆனால் ஏப்ரலில் ஒரே நாளில் வறண்டுவிடும்.

மண் கலவைக்கு நான் சொல்லும் அளவு: செம்மண் இரண்டு பங்கு, கோகோபீட் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய இலையுரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, அதோடு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. பெங்களூர்ச் செம்மண் இயல்பாகவே லேசான அமிலத் தன்மை கொண்டது. இந்தச் செடிக்கு அது வரம். ஆனால் கட்டட வேலை நடந்த இடத்திலிருந்து அள்ளிய மண்ணாக இருந்தால் அதில் சிமெண்டும் கலவைத் தூளும் சேர்ந்திருக்கும். அந்த மண்ணில் நீலப் பூவைக் கனவு காண முடியாது. நர்சரியிலிருந்தே மூட்டை மண் வாங்கிவிடுங்கள்.

கோகோபீட் கட்டியை ஊறவைத்து இரண்டு, மூன்று முறை அலசிப் பிழிந்துவிட்டுச் சேருங்கள். தேங்காய் நாரில் உப்பு நிறைய இருக்கும். இந்தச் செடியின் வேர் மெல்லியது, மேலாகவே படர்வது. உப்பைத் தாங்காது.

நட்ட பிறகு மேல் மண்ணைக் காய்ந்த இலையாலோ தேங்காய் நாராலோ இரண்டு விரல் கனத்துக்கு மூடி வையுங்கள்.

படி 4: தண்ணீர்

பெங்களூரில் ஒரே வீட்டுக்குள் நாலைந்து விதமான தண்ணீர் வருகிறது. எதை ஊற்றுகிறோம் என்பதில்தான் இந்தச் செடியின் தலையெழுத்தே இருக்கிறது.

மழைத் தண்ணீர்தான் முதல் தரம். மொட்டை மாடியிலோ பால்கனி ஓரத்திலோ ஒரு டிரம் வைத்தால் ஜூன் முதல் நவம்பர் வரை பெரும்பாலும் சமாளிக்கலாம்.

ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் அடுத்தது. உப்பே இல்லாத தண்ணீர், அதுவும் சரியாகக் கோடையில்தான் கிடைக்கும். ஒரு பக்கெட்டில் பிடித்து வைத்துத் தைரியமாக ஊற்றலாம்.

காவேரித் தண்ணீர் பரவாயில்லை ரகம், போர்வெல்லோடு ஒப்பிட்டால் மென்மையானது. ஆனால் ஒன்று, 2024 மார்ச்சில் ஊரே வறண்டபோது, குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது. அப்படியொரு கோடை மறுபடி வராது என்று சொல்ல முடியாது. காவேரியை மட்டும் நம்பிச் செடி வளர்க்காதீர்கள்.

போர்வெல், டேங்கர் தண்ணீர் பல இடங்களில் கடினத் தண்ணீர். சில மாதம் ஊற்றிய தொட்டியின் விளிம்பைப் பாருங்கள், வெள்ளையாக ஒரு படலம் ஏறியிருக்கும். நகத்தால் சுரண்டினால் மாவாக உதிரும். அந்தச் சுண்ணாம்பு மண்ணுக்குள்ளும் சேர்கிறது. மண் மெல்ல மெல்லக் காரமாகிறது. இரும்புச் சத்து மண்ணில் இருந்தும் வேரால் எடுக்க முடியாமல் போகிறது. புதுத் துளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பது அதனால்தான்.

வேறு வழியில்லை, போர்வெல்தான் என்றால் பத்து லிட்டர் வாளிக்கு அரை டீஸ்பூன் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்து ஊற்றுங்கள். மளிகைக் கடையில் கிடைக்கும் அதே எலுமிச்சை உப்புதான். தண்ணீரில் உள்ள காரத்தில் கணிசமான பகுதியை அது முறித்துவிடும். மாதம் ஒருமுறை மழைத் தண்ணீரோ ஏசித் தண்ணீரோ தாராளமாக ஊற்றி, அடி ஓட்டை வழியாக ஓட விட்டுச் சேர்ந்த உப்பைக் கழுவிவிடுங்கள்.

வாட்டர் பியூரிஃபையர் வெளியே தள்ளும் கழிவு நீரை மட்டும் ஊற்றவே ஊற்றாதீர்கள். தண்ணீரிலிருந்து பிரித்த உப்பு முழுதும் அதில்தான் இருக்கிறது. வீடு துடைக்க அது போதும். அப்பார்ட்மென்ட்டில் சுத்திகரித்துத் தோட்டத்துக்கு விடும் தண்ணீரும் இந்தச் செடிக்கு உகந்ததல்ல. புல்வெளி தாங்கும், இது தாங்காது.

அளவு? ஆள்காட்டி விரலை ஒரு கணு ஆழம் மண்ணில் விடுங்கள். ஈரம் இருந்தால் வேண்டாம். கோடையில் தினமும் காலையில் ஒருமுறை, சில நாள் மாலையிலும் தேவைப்படும். மழைக்காலத்தில் தொட்டியடித் தட்டில் தண்ணீர் தேங்கக் கூடாது.

மதியம் ஒரு மணிக்கு இலையெல்லாம் தொங்கிப் போய், செடி செத்தே விட்டது போலத் தெரியும். பதறி ஒரு மக் ஊற்ற வேண்டாம். பெரிய இலை வழியாக நீர் போகும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாதபோது ஈர மண்ணிலும் அப்படித் தொங்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு நிமிர்ந்து நிற்கும். நிமிரவில்லை என்றால்தான் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். தினம் மதியம் பதறிப் பதறி ஊற்றி வேரை அழுக வைத்தவர்கள், காய விட்டவர்களைவிட அதிகம்.

படி 5: நிறம்

முதலில், நாம் பூ இதழ் என்று நினைக்கும் அந்த நீல, ரோஸ் நிறத் தகடுகள் புல்லி இதழ்கள். நிஜமான பூ, அந்த நாலு தகடுகளுக்கு நடுவில் குண்டூசித் தலை அளவுக்கு இருக்கும் புள்ளி. தட்டை வகையில் இன்னும் தெளிவாகப் பார்க்கலாம். நடுவில் உள்ள பொடி மொட்டுகள்தான் விதை கட்டும் பூக்கள். ஓரத்தில் உள்ளவை பூச்சிகளை அழைக்க வைத்த விளம்பரப் பலகை. புல்லி இதழ் சீக்கிரம் உதிராது. இந்தப் பூ வாரக்கணக்கில் நிற்பதற்கு அதுவே காரணம்.

நிறத்தைத் தருவது டெல்ஃபினிடின் என்ற நிறமி. ரோஸ் நிறப் பூவிலும் நீலப் பூவிலும் ஒரே நிறமிதான். அதோடு அலுமினியம் சேர்ந்தால் நீலம், சேராவிட்டால் ரோஸ். அலுமினியம் எல்லா மண்ணிலும் உண்டு. ஆனால் மண் அமிலமாக இருந்தால் மட்டுமே அது கரைந்து வேருக்குக் கிடைக்கும். மண் அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் அளவு 5.5-க்குக் கீழே இருந்தால் நீலம், 6.5-க்கு மேலே போனால் ரோஸ், நடுவில் இருந்தால் ஊதாவும் கலவையும். நீலகிரியில் தேயிலை வளரும் மண் நல்ல அமில மண். அங்கே வேலியோரச் செடிகூட அடர் நீலமாகப் பூக்கிறது. இங்கே போர்வெல்லை ஊற்றினால் ரோஸாகிறது. நர்சரிக்காரர் பொய் சொல்லவில்லை, உங்கள் குழாய்தான் நிறத்தை மாற்றுகிறது.

வெள்ளைப் பூ வகையில் அந்த நிறமியே கிடையாது. என்ன ஊற்றினாலும் நீலமாகாது. வயதாகும்போது லேசாகப் பச்சையோ ரோஸோ ஏறும், அவ்வளவுதான்.

நீலம் வேண்டும் என்பவர்களுக்கு வழி இது. நாட்டு மருந்துக் கடையில் படிகாரம் வாங்கிப் பொடித்துக்கொள்ளுங்கள். படிகாரத்தில் அலுமினியம் இருக்கிறது, மண்ணையும் கொஞ்சம் அமிலமாக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு மூன்று கிராம், அதாவது அரை டீஸ்பூனைவிடச் சற்று அதிகம். முதலில் மண்ணை வெறும் தண்ணீரால் நனைத்துவிட்டு, அப்புறம் இந்தக் கரைசலை ஒரு லிட்டர் ஊற்றுங்கள். இலையில் படக் கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். கிளை நுனியில் மொட்டுக் கொத்து பச்சையாகக் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியதும் ஆரம்பித்து, நிறம் ஏறும் வரை தொடரலாம். மலர்ந்த பிறகு ஊற்றினால் அந்தப் பூ மாறாது. அளவைக் கூட்டினால் சீக்கிரம் நீலமாகும் என்று ஆசைப்படாதீர்கள், வேர் கருகும்.

இதோடு எலும்புத் தூள், டிஏபி போன்ற பாஸ்பரஸ் உரங்களை நிறுத்த வேண்டும். பாஸ்பரஸ் அலுமினியத்தைப் பிடித்து மண்ணிலேயே கட்டிப்போட்டுவிடும். படிகாரமும் ஊற்றி எலும்புத் தூளும் போட்டுவிட்டு நீலம் வரவில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குகிற வேலை அது.

துருப்பிடித்த ஆணியைத் தொட்டியில் புதைக்கும் பழக்கத்துக்குப் பலன் கிடையாது. ஆணியில் இருப்பது இரும்பு, நிறத்துக்கு வேண்டியது அலுமினியம். ஃபில்டர் காபிச் சக்கையும் இந்த விஷயத்தில் பெரிய ஆளில்லை. டிகாஷன் இறங்கியதும் அதன் அமிலத்தில் பெரும்பகுதி போய்விடும். மக்க வைத்து உரமாகப் போடலாம், நிறத்துக்காக வேண்டாம்.

என் அபிப்பிராயம் கேட்டால், மழைத் தண்ணீரோ ஏசித் தண்ணீரோ போதுமான அளவு கிடைக்கும் வீட்டில் மட்டும் நீலத்துக்கு முயலுங்கள். போர்வெல் வீட்டில் நல்ல ரோஸ் பூவை வாங்கி, இலை மஞ்சளாகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தருகிற நிறத்தோடு மல்லுக்கட்டி வருடம் முழுக்கப் படிகாரம் கரைப்பதைவிட, அந்த ரோஸ் எவ்வளவோ மேல். மண்ணில் பிஎச் எவ்வளவு என்று தெரியாமல் எதையும் தொடங்காதீர்கள். பரிசோதனைக் கிட் ஆன்லைனில் கிடைக்கிறது.

பெயர் எங்கிருந்து வந்தது?

தண்ணீர் அதிகம் குடிக்கும் செடி என்பதால்தான் இந்தப் பெயர் என்று பலரும் எழுதுகிறார்கள். அது தவறு. ஹைட்ரேஞ்சியா என்பது நீர், பாத்திரம் என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்துக் கட்டிய பெயர். காரணம் செடியின் தாகமல்ல, அதன் காய். தட்டை வகைப் பூக்கொத்து காய்ந்த பிறகு நடுவில் உள்ள பொடிக் காய்களை ஒரு லென்ஸ் வைத்துப் பாருங்கள். மிளகைவிடச் சிறியது, வயிறு உருண்டு, வாய் தட்டையாக, பக்கவாட்டில் வரிகளோடு ஒரு குடம். குடத்தின் வாயில் சூல்தண்டின் மிச்சம் இரண்டு, மூன்று கொம்பாக நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கொம்புகளுக்கு நடுவில் திறந்துதான் தூசி போன்ற விதை கொட்டும். பந்து வகையில் விதை கட்டும் பூ குறைவு என்பதால் இந்தக் குடத்தை அதில் பார்ப்பது கடினம்.

இந்தப் பெயரை வைத்தவர்கள் நம் பால்கனிச் செடியைப் பார்த்து வைக்கவில்லை என்பது இன்னொரு வேடிக்கை. வட அமெரிக்காவின் வர்ஜினியாவில் ஜான் கிளேட்டன் சேகரித்த செடிகளை வைத்து, டச்சுத் தாவரவியலாளர் குரோனோவியஸ் 1739-இல் இந்தப் பெயரை அச்சிட்டார். அது வெள்ளைப் பூ பூக்கும் அமெரிக்க இனம். 1753-இல், செடிகளுக்கு இரண்டு சொல் பெயர் வைக்கும் முறையைக் கொண்டுவந்த லின்னேயஸ் அதையே எடுத்துக்கொண்டார். நம் பெரிய இலைச் செடியின் சொந்த ஊர் ஜப்பான். அது இந்தப் பெயருக்குள் வந்து சேரவே இன்னும் எழுபது, எண்பது வருடம் ஆனது.

அதன் வழி சுற்று வழி. டச்சுக் கம்பெனியின் மருத்துவராக ஜப்பான் போன ஸ்வீடன்காரர் துன்பெர்க் 1775, 76-இல் அதைப் பார்த்தார். வேறொரு குடும்பத்துச் செடி என்று நினைத்து, 1784-இல் வைபர்னம் என்ற பெயரில் பதிந்துவிட்டார். 1830-இல் சரேஞ்ச் என்பவர்தான் அதை ஹைட்ரேஞ்சியாவுக்கு மாற்றினார். துன்பெர்க் வைத்த, பெரிய இலை என்று பொருள்படும் இரண்டாம் பெயர் மட்டும் இன்றுவரை அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இதற்கிடையே பிரெஞ்சுக்காரர்கள் வேறு பெயர் வைத்துவிட்டார்கள். பூகன்வில் தலைமையில் உலகைச் சுற்றிய கடற்பயணத்தில் போன தாவரவியலாளர் கொமெர்சோன், மொரீஷியஸில் தங்கியிருந்தபோது அங்கே தோட்டச் செடியாக இருந்த இதைப் பார்த்து ஹார்டென்சியா என்றார். யார் அந்த ஹார்டென்ஸ் என்பதில் இன்றும் சண்டை. வானியல் கணக்குப் போட்ட நிக்கோல்-ரெய்ன் லெபோட் என்ற பெண்மணிதான் என்று நெடுங்காலம் எழுதினார்கள், ஆனால் அவர் பெயரில் ஹார்டென்ஸே கிடையாது. அதே பயணத்தில் வந்த இளவரசர் ஒருவரின் மகள் என்றும், தோட்டத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்றும் சொல்வார்கள். எனக்கு லத்தீன் விளக்கம்தான் பொருத்தமாகப் படுகிறது. ஐரோப்பாவில் பல மொழிகளில் இன்றும் இந்தப் பூவுக்கு ஹார்டென்சியாதான் பெயர்.

அந்தப் பயணத்துக்கும் நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. மேற்கு வெயிலுக்கு வையுங்கள் என்று மேலே சொன்னேனே, அந்தக் காகிதப்பூவை பிரேசிலில் சேகரித்துத் தலைவர் பெயரை வைத்ததும் இதே கொமெர்சோன்தான். அதிலும் கண்ணைப் பறிப்பது பூ இதழ் கிடையாது, நிறமேறிய இலை. பெண்கள் கப்பலில் போகக் கூடாது என்ற காலத்தில் ஆண் வேடமிட்டு அவருக்கு உதவியாளராகப் போன ழான் பாரே, உலகைச் சுற்றிய முதல் பெண்ணாகக் கருதப்படுகிறார்.

இன்னொரு பெயரும் இருந்தது. 1823 முதல் 1829 வரை நாகசாகியில் இருந்த ஜெர்மன் மருத்துவர் சீபோல்ட், ஒரு வகைக்கு ஒடாக்சா என்று பெயரிட்டார். அவரோடு வாழ்ந்த குசுமோட்டோ டாக்கியை ஒடாக்கிசான் என்று அழைப்பார்கள். அதைத்தான் லத்தீனாக்கிவிட்டார். நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட பிறகு பூவுக்கு வைத்த பெயர் அது. அவர்கள் மகள் இனே பின்னாளில் ஜப்பானில் மேற்கத்திய மருத்துவம் படித்த முதல் பெண் மருத்துவராகப் பேர் வாங்கினார். தாவரவியலில் ஒடாக்சா தனி இனமாக நிலைக்கவில்லை. ஜப்பானியர்கள் இதையெல்லாம் கண்டுகொள்ளாமல் ஆஜிசாய் என்றே அழைக்கிறார்கள். அங்கே ஜூன் மழைக்காலத்தின் பூ இது.

படி 6: கவாத்து

பூக்காத செடிகளில் பெரும்பாலானவை தவறான மாதத்தில் வெட்டப்பட்டவை. இந்தச் செடி போன வருடத்துக் கிளையில்தான் பூக்கும். குளிர்காலத்தில் கிளை நுனியில் மொட்டு உருவாகிவிடும். பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்கிற வேகத்தில் செடியையும் ஒட்ட வெட்டினால், அந்த வருடத்துப் பூ முழுவதும் குப்பையில்.

இங்கே பெரும்பாலும் கோடை மழையை ஒட்டிப் பூத்து ஜூலை வாக்கில் ஓயும். ஓய்ந்ததும் ஆகஸ்டுக்குள் கவாத்தை முடித்துவிடுங்கள். வாடிய பூக்கொத்துக்குக் கீழே, எதிரெதிராக இரண்டு பருத்த மொட்டுகள் இருக்கும் கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். மூன்று வயதுக்கு மேலான மரத்த தண்டு ஒன்றிரண்டை அடியோடு எடுங்கள். பூக்காத பச்சைக் கிளைகளைத் தொடாதீர்கள். செப்டம்பருக்கு மேல் கத்தரிக்கோலை உள்ளே வைத்துவிடலாம்.

படி 7: உரம், பூச்சி

கவாத்து முடிந்ததும் ஒரு கைப்பிடி மண்புழு உரம், கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கு. பிப்ரவரியில் துளிர் வேகமெடுக்கும்போது இன்னொரு தடவை. நீலம் வேண்டுமென்றால் அம்மோனியம் சல்பேட் அரை டீஸ்பூனை மாதம் ஒருமுறை தண்ணீரில் கரைத்து ஊற்றலாம். தழைச்சத்தை அள்ளிப் போட்டால் இலைதான் வரும்.

புது இலை மஞ்சளாகி நரம்பு பச்சையாக நின்றால் இரும்பு கீலேட் வாங்குங்கள். பாக்கெட்டில் ஈடிடிஎச்ஏ (EDDHA) என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்க வேண்டும். மலிவான ஈடிடிஏ (EDTA) வகை கார மண்ணில் நிலைக்காது. தண்ணீரை மாற்றாமல் இதை மட்டும் போட்டால் இரண்டு மாதத்தில் மறுபடி மஞ்சள்.

கோடையில் இலையடியில் செஞ்சிலந்தி வரும், இலை மங்கிப் புள்ளிப் புள்ளியாகும். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவதே பாதி வைத்தியம். மாவுப்பூச்சிக்கும் அசுவினிக்கும் ஒரு லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் அடியுங்கள். மழைக்காலத்தில் சாம்பல் நோயும் இலைப்புள்ளியும் வரும். அந்த இலைகளைக் கிள்ளி எறிந்து, தொட்டிகளைத் தள்ளித் தள்ளி வைத்துக் காற்றோட்டம் கொடுத்தாலே பெரும்பாலும் அடங்கிவிடும்.

இலையும் மொட்டும் விஷத் தன்மை உள்ளவை. தின்றால் வாந்தி, தலைசுற்றல் வரும். 2008 ஜூனில் ஜப்பானில், உணவுத் தட்டில் அலங்காரத்துக்கு வைத்த இலையைத் தின்றவர்களுக்கு அப்படி ஆனது. எதையும் வாயில் வைக்கும் வயதுக் குழந்தையோ நாய், பூனையோ வீட்டில் இருந்தால் தொட்டியை உயரத்தில் வையுங்கள்.

படி 8: குச்சி போட்டு வளர்ப்பது

ஜூன், ஜூலை சரியான காலம். பூக்காத, பென்சில் கனத்துக் கிளையில் நாலு முதல் ஆறு அங்குலத்துக்கு, கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்கள். மேலே ஒரு ஜோடி இலையை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். அந்த இலைகளையும் குறுக்கே பாதியாக வெட்டிவிட வேண்டும், இல்லையென்றால் வேர் வருவதற்குள் வாடிவிடும். அலசிய கோகோபீட்டும் மணலும் சம அளவு. ஒரு கணு உள்ளே போகும்படி நட்டு, அடிப்பாகம் வெட்டிய தண்ணீர் பாட்டிலை மேலே கவிழ்த்து நிழலில் வையுங்கள். மூன்று, நான்கு வாரத்தில் மெல்ல இழுத்துப் பார்த்தால் பிடிமானம் தெரியும். வரும் கன்று தாய்ச்செடியின் நகல்தான். நிறம் மட்டும் யார் வீட்டுத் தண்ணீர் என்பதைப் பொறுத்தது.

பூவைப் பறித்து வைக்க

காலையிலேயே, முழுக்க மலர்ந்த கொத்தைப் பறியுங்கள். இளசாகப் பறித்தால் அன்றே தொங்கிவிடும். தண்டைச் சாய்வாக வெட்டி, வெட்டிய முனையைப் படிகாரப் பொடியில் தொட்டு ஜாடியில் வைப்பார்கள். இலைகளை எடுத்துவிடுங்கள், தண்ணீரைக் குடிப்பதே அவைதான். அப்படியும் வாடிவிட்டால் கொத்தை முழுதாக ஒரு வாளித் தண்ணீரில் தலைகீழாக அமுக்கி அரை மணி, ஒரு மணி நேரம் விடுங்கள். இந்தப் பூ தகடுகள் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும், பெரும்பாலும் மீண்டுவிடும். உலர்த்தி வைக்க நினைத்தால் செடியிலேயே முதிர்ந்து, தொட்டால் தாள் போல முறுமுறுக்கத் தொடங்கிய கொத்தைப் பறித்து, ஜாடியில் இரண்டு அங்குலம் தண்ணீர் விட்டு, அது தானாக வற்றும் வரை நிழலில் வைத்தால் போதும்.